கூடைப்பந்து தந்த டாக்டர் நெய்ஸ்மித்

மாலையில் நம் பள்ளித் திடலில் போட்டி முடிந்து கடைசி விசில் ஊதியதும், ஆட்டக்காரிகள் முதலில் ஓடுவது தண்ணீர்க் குழாய்க்கு அல்ல. ஸ்கோர் எழுதுகிறவளின் மேஜைக்குத்தான். யார் எத்தனை கூடை போட்டாள், யாருக்கு எத்தனை பவுல், முற்பாதியில் எவ்வளவு, பிற்பாதியில் எவ்வளவு என்று அந்த ஒற்றைத் தாளின்மேல் ஏழெட்டுத் தலைகள் முட்டிக்கொள்ளும். வென்ற அணியில் ஒரு கூடையும் போடாதவள், தன் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்துவிடுவாள். தோற்ற அணியில் பத்துப் புள்ளி எடுத்தவளுக்கோ அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

இந்த ஆட்டத்தை உலகுக்குத் தந்தவரின் பெயருக்கு நேரேயும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் ஒன்பது பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார். வெற்றி 55, தோல்வி 60. அவருக்குப் பின் அந்த அணிக்கு வந்த பயிற்சியாளர் எவருக்கும் தோல்விக் கணக்கு வெற்றிக் கணக்கை மிஞ்சியதில்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவருக்குத்தான் அந்தப் பேறு கிட்டியது! இந்தக் கணக்கைக் கண்டு அவர் வெட்கப்பட்டாரா? இல்லை என்றே அவர் வாழ்க்கை சொல்லுகிறது. அவர்தாம் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

கனடா நாட்டில், ஒட்டாவா நகருக்குச் சிறிது தொலைவில் ஆல்மான்ட் என்றோர் ஊர். அதன் அருகே 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சத்துக் குடும்பம், உழைத்தால்தான் சோறு. 1870இல், மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தந்தை டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார். பணிவிடை செய்யப் போன தாய்க்கும் அதே காய்ச்சல் தொற்றியது. சில வாரங்களுக்குள் இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். தாய் கண்மூடிய நாள், ஜேம்ஸ் தன் ஒன்பது வயதை நிறைவு செய்த பிறந்த நாள். அக்காள் ஆனி, தம்பி ராபர்ட், ஜேம்ஸ் ஆகிய மூன்று பிள்ளைகளையும் தாய்மாமன் பீட்டர் யங் தம் பண்ணை வீட்டில் வைத்து வளர்த்தார். மாமன் கண்டிப்பானவர், கட்டை பிளப்பதும், வண்டி பூட்டுவதும், மாடு குதிரைகளைக் கவனிப்பதும் சிறுவனின் அன்றாட வேலைகள்.

அந்த ஊர்ச் சிறுவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் அது பயன்படும். ஒரு பாறையின்மேல் ஒருவன் தன் கல்லை வைத்துவிட்டுக் காவல் நிற்பான். மற்றவர்கள் தொலைவில் நின்று தங்கள் கல்லை எறிந்து அதைத் தள்ள வேண்டும். குறி தவறினால் ஓடிப்போய்த் தன் கல்லை எடுத்துக்கொண்டு, காவல்காரன் தொடுமுன் திரும்பிவிட வேண்டும். வேகமாக நேரே எறிந்தவனின் கல் குறி தவறினால் வெகுதூரம் போய் விழும். எடுக்கப் போனவன் அகப்பட்டுக்கொள்வான். மெதுவாக, வில் வளைவாக மேலே தூக்கி எறிந்தவனின் கல் பாறை அருகிலேயே விழும், அவன் தப்பிவிடுவான். மாமரத்தில் கல்லெறிந்து பழகிய சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்த வளைவு எறிதலின் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை!

பதினைந்து வயதில் ஜேம்ஸ் பள்ளியை விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் கூலியாகப் போனார். ஐந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பிறகு என்ன தோன்றியதோ, மீசை முளைத்த வயதில், தம்மைவிடச் சிறிய பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து படித்தார். 1883இல் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போதகராவதே அவருடைய நோக்கம். அக்காள் ஆனிக்கும் அதுவே ஆசை.

(நெய்ஸ்மித் பிரஸ்பிடேரியன் சபையைச் சேர்ந்தவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அழைத்தல் என்பதைப் பற்றி மனம் போராடிய கதை எந்தச் சபையில் நடந்தாலும் நமக்குப் புரியாததன்று.)

படிப்பில் மூழ்கிக் கிடந்தவரை நண்பர்கள் வற்புறுத்தி உடற்பயிற்சிக் கூடத்திற்கு இழுத்துப் போனார்கள். உடற்பயிற்சி, ரக்பி, லக்ரோஸ் என்று எல்லாவற்றிலும் முன்னே நின்றார். இறையியல் மாணவன் முரட்டு ஆட்டம் ஆடலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சனிக்கிழமை ஆட்டத்தில் கண் இரண்டும் கறுத்து வீங்கி, ஞாயிறன்று அதே முகத்தோடு பிரசங்க மேடையில் ஏறிய கதையும் உண்டு. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே பக்கத்தில் நின்ற தோழன் கோபத்தில் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, அருகே நெய்ஸ்மித் இருப்பதைக் கண்டதும் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டான். நெய்ஸ்மித் அவனுக்கு எந்த உபதேசமும் செய்ததில்லை. உடன் நின்று ஆடினார்; அவ்வளவுதான். பிரசங்க மேடையில் நின்று செய்வதைப் போன்ற தொண்டை விளையாட்டுத் திடலில் நின்றும் செய்யலாம் என்ற எண்ணம் அன்று அவருள் விழுந்தது.

1890இல் இறையியல் படிப்பை முடித்தார். ஆனால் போதகராக எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அக்காள் ஆனிக்கு இது பெரிய அடி. ஊழியத்தை விட்டுப் பந்து விளையாடப் போன தம்பியை அவர் கடைசிவரை முழுமனதோடு மன்னிக்கவில்லை என்று சொல்வார்கள். உலகமெல்லாம் புகழ்ந்த பின்னும் வளர்த்த வீட்டில் ஒருவரின் மனம் ஆறாமலே இருந்தது. நெய்ஸ்மித்தின் கணக்கில் எந்த ஸ்கோர் தாளிலும் ஏறாத தோல்வி இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் குளிர்காலம் கடுமையானது. நமக்கு வெயில் தாழ்ந்தால்தான் விளையாட்டு. அவர்களுக்குப் பனி உருகினால்தான் விளையாட்டு. டிசம்பரில் எல்லாரும் கூடத்திற்குள் அடைந்து, கையை நீட்டு, காலை மடக்கு என்று டிரில் செய்ய வேண்டும். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு இது வேப்பங்காயாய்க் கசந்தது. அவர்கள் சிறுவர்கள் அல்லர். சங்கச் செயலாளர்களாகப் பயிற்சி பெற வந்த வளர்ந்த ஆண்கள். இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பைக் கைவிட்டுவிட்டார்கள். தலைவர் டாக்டர் லூதர் குலிக் அதை நெய்ஸ்மித்தின் தலையில் கட்டி, கூடத்திற்குள் ஆடத்தக்க புது ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி சொல்லி, இரண்டு வாரத் தவணையும் கொடுத்தார்.

முதலில் வெளி ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்து ஆடினால் ஜன்னல் உடைந்தது. லக்ரோஸ் ஆடினால் கை கால் உடைந்தது. தவணை தீரும் நிலையில், இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தார். முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தை எடுத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அதனால் மற்றவன் அவனை மறித்துத் தள்ளுகிறான். பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? தள்ள வேண்டிய தேவையே இல்லை. சரி, இலக்கு எங்கே இருக்க வேண்டும்? தரையில் இருந்தால் வேகமாக அடிப்பார்கள். அப்போதுதான் ஊரில் ஆடிய கல்லாட்டம் நினைவுக்கு வந்தது. இலக்கைத் தலைக்குமேல், வாயை ஆகாயம் பார்க்க வைத்துவிட்டால், வேகத்தால் பயனில்லை. வளைத்து மெதுவாகத்தான் எறிய வேண்டும்.

மறுநாள் காலை, இரண்டு மரப்பெட்டிகள் கிடைக்குமா என்று கட்டடக் காவலரைக் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வைத்திருந்த இரண்டு கூடைகள் இருக்கின்றன என்று அவர் எடுத்து வந்தார். (சேலத்தில் பிறந்த ஆட்டமாயிருந்தால் மாம்பழக் கூடையாயிருக்கும்!) கூடத்தைச் சுற்றி மேலே இருந்த மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில், இரு முனையிலும் ஒவ்வொரு கூடையை நெய்ஸ்மித் ஆணி அடித்து மாட்டினார். அந்தச் சட்டம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து பதின்மூன்று விதிகள் எழுதினார். அலுவலகத்துப் பெண்மணி அவற்றை இரண்டு தாள்களில் தட்டச்சு செய்து கொடுத்தார். 1891 டிசம்பர் 21ஆம் நாள் அந்தப் பதினெட்டுப் பேர் பக்கத்துக்கு ஒன்பதாகப் பிரிந்து, கால்பந்து ஒன்றை வைத்துக்கொண்டு முதன்முதலாகக் கூடைப்பந்து ஆடினார்கள்.

முதல் ஆட்டத்தின் ஸ்கோர் என்ன? 1–0. வில்லியம் சேஸ் என்ற மாணவர் நெடுந்தொலைவிலிருந்து எறிந்த ஒரே ஒரு பந்து கூடைக்குள் விழுந்தது. பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஆடிய முழு ஆட்டத்திற்கும் அவ்வளவுதான் கணக்கு. ஆயினும் வகுப்பு மறுநாளும் அதே ஆட்டத்தைக் கேட்டது. ஃபிராங்க் மஹன் என்ற மாணவர் இதற்கு நெய்ஸ்மித் பந்து என்று பெயர் வைக்கலாம் என்றார். அந்தப் பெயரை வைத்தால் ஆட்டம் செத்துவிடும் என்று ஆசிரியர் சிரித்துத் தட்டிவிட்டார். கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்றே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அந்தப் பதின்மூன்று விதிகளுக்குள் கணக்கு எழுதுவதும் இருக்கிறது. இரண்டு நடுவர்கள். ஒருவர் பந்தைக் கவனித்து நேரத்தையும், விழுந்த கூடைகளையும் எண்ண வேண்டும். மற்றவர் ஆட்களைக் கவனித்துப் பவுல்களை எண்ண வேண்டும். ஒரு பக்கத்தார் தொடர்ந்து மூன்று பவுல் செய்தால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கூடை. ஆகவே முதன்முதலில் இந்த ஆட்டத்தில் எழுதப்பட்டவை இரண்டே: எத்தனை முறை பந்து கூடையில் விழுந்தது, எத்தனை முறை ஆள் தவறு செய்தான். எந்த ஆள் எத்தனை போட்டான் என்று எண்ணும்படி விதி எதுவும் சொல்லவில்லை. ஒரு கூடைக்கு ஒரு புள்ளி. அது இரண்டு புள்ளியானதும், பவுலுக்காக ஃபிரீ த்ரோ எறிவதும், ஐந்து பேர் அணியும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தவை. கூடைக்கு அடி இருந்ததால் பந்து விழும்போதெல்லாம் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். இப்போதுள்ள அடிதிறந்த வலை வரச் சில காலம் பிடித்தது.

நெய்ஸ்மித் தம் ஆட்டத்தைத் தாமே ஆடியது வாழ்நாளில் ஓரிரு முறைதான். 1892 மார்ச் 11இல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த போட்டியில் இருநூறு பேர் முன்னிலையில் அவர் ஆசிரியர் பக்கம் ஆடினார். மாணவர்கள் 5–1 என்று வென்றார்கள்!

நம் பெண் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. ஆட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே, பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சிலர் உணவு இடைவேளையில் சத்தம் கேட்டு மாடத்தில் ஏறி நின்று பார்த்தார்கள். பெண்கள் நாங்களும் ஆடலாமா என்று நெய்ஸ்மித்தைக் கேட்டார்கள். தரையைத் தொடும் பாவாடையும் இறுக்கிய இடுப்புமாய்ப் பெண்கள் இருந்த காலம் அது. ஓடுவது பெண்ணுக்குக் கேடு என்று மருத்துவர்களே சொன்ன காலம். அவர் ஆடலாம் என்றார். 1892ஆம் ஆண்டிலேயே பெண்கள் ஆட்டமும் தொடங்கிவிட்டது. அவ்வாறு ஆட வந்தவர்களுள் மாட் ஷெர்மன் என்ற இளம்பெண்ணும் ஒருவர். 1894இல் நெய்ஸ்மித்துக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

பக்கத்து ஊர் நார்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் இந்தப் புது ஆட்டத்தைப் பற்றிப் படித்து, தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். திடலை மூன்றாகப் பிரித்து, அவரவர் தம் பகுதிக்குள் மட்டும் ஆட வேண்டும் என்று விதியை மாற்றினார். 1893இல் கல்லூரியின் இரு வகுப்புகளுக்கிடையே போட்டி நடத்தியபோது, ஆண்கள் யாரையும் உள்ளே விடவில்லை. 1896 ஏப்ரல் 4இல் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதினார்கள், ஸ்டான்ஃபோர்டு வென்றது. ஸ்கோர் 2–1. இன்று ஒரு நிமிடத்தில் போடுகிற புள்ளிக்கு அன்று ஒரு முழு ஆட்டம்!

1895இல் நெய்ஸ்மித் டென்வர் நகருக்குப் போய், சங்க வேலையும் பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பந்து கற்றுக்கொடுக்க அல்ல. மாணவரின் வழிபாட்டை நடத்தவும், உடற்பயிற்சி கற்பிக்கவும். பந்தாட்டம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 1899 பிப்ரவரியில் அவருடைய அணி ஆடிய முதல் ஆட்டத்தில் 5–16 என்று தோற்றது. எதிரணி கான்சாஸ் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.

கணக்கில் இவருக்கு அக்கறை இல்லை. தம் அணி ஆடிய ஆட்டத்துக்குத் தாமே நடுவராக நின்று, தம் பிள்ளைகள்மேலும் பவுல் ஊதியிருக்கிறார். பயிற்சியாளர் ஓரமாய் நின்று கத்துவதை அவர் விரும்பவில்லை. இது ஆடுகிற ஆட்டம், பயிற்சி கொடுத்து வெல்லும் ஆட்டம் அன்று என்பது அவர் கொள்கை. அவரிடம் படித்த ஃபாக் ஆலன் என்ற மாணவர் மாறாக நினைத்தார். 1907இல் குருவின் இடத்திற்கு வந்து, இடையில் சில ஆண்டுகள் விட்டு மொத்தம் 39 பருவங்கள் இருந்து, கான்சாஸ் அணிக்கு 590 வெற்றிகளைத் தேடித்தந்தார். குருவுக்கு 55, சீடருக்கு 590. இருவருக்கும் கடைசிவரை பகையே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

அந்த ஆலன் கடைசிக் காலத்தில் கான்சாஸுக்கு அழைத்து வந்த மாணவர்தான் ஏழு அடி உயர வில்ட் சேம்பர்லின். தொழில்முறைக் கூடைப்பந்து வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஸ்கோர் தாள் அவருடையது. அதைச் சற்று விரித்துப் பார்ப்போம். 1962 மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிற்றூர். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் ஆடின. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி இல்லை, சலனப்படம் இல்லை. எனவே அன்று நடந்ததை முழுதாகச் சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தாள் எளிதில் புரியும். எத்தனை கோழி, எத்தனை தீவனம், எத்தனை முட்டை, எத்தனை உடைந்தது என்று பண்ணைப் பேரேட்டில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயருக்கு நேரேயும் எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது, ஃபிரீ த்ரோ எத்தனை, தவறித் தெறித்த பந்தை எத்தனை முறை பிடித்தார், கூடை போட எத்தனை முறை மற்றவருக்குப் பந்து தந்து உதவினார், பவுல் எத்தனை என்று பத்திகள்.

சேம்பர்லின் பெயருக்கு நேரே: எறிந்தது 63, விழுந்தது 36, ஃபிரீ த்ரோ 32இல் 28. கணக்குப் போடுங்கள். 36ஐ இரண்டால் பெருக்கினால் 72. அதோடு 28 கூட்டினால் 100. ஒரே ஆள், ஒரே ஆட்டத்தில், நூறு புள்ளி! அந்த அமெரிக்கப் போட்டித்தொடரில் இதுவரை வேறு எவரும் எட்டாத எண். ஃபிரீ த்ரோ என்றால் பாதிக்குப் பாதி தவறவிடுகிறவர் என்று பெயர் வாங்கியவர் அன்று 28 போட்டது இன்னோர் அதிசயம். ஆனால் 27 முறை அவர் எறிந்து தவறியதும் அதே தாளில்தான் இருக்கிறது.

கண்ணைச் சற்றுக் கீழே இறக்குங்கள். கை ராட்ஜர்ஸ்: புள்ளி 11, உதவி 20. அந்த இருபது பந்துகளை அவர் கொண்டுபோய்க் கையில் கொடுக்காவிட்டால் நூறு ஏது? இன்னும் கீழே, ஆல் ஆட்டில்ஸ்: எறிந்தது 8, விழுந்தது 8. அன்றிரவு கூடையைக் குறிவைத்து ஒன்றும் தவறாதவர் அவர்தான், யார் பேசினார்கள்? எதிர்ப்பக்கம் பாருங்கள். கெரின் 39, பக்னர் 33, நால்ஸ் 31. மூவரும் சேர்ந்தால் 103. நூறைவிட மூன்று அதிகம்! ஆனால் நிக்ஸ் அணி 147–169 என்று தோற்றது. அணிக் கணக்கும் ஆள் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று எதற்கு? ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பக்கம் சேம்பர்லின் கையிலேயே பந்தைக் கொடுத்தது. மறுபக்கம் அவருக்குப் பந்து போகாதபடி மற்றவர்களை வேண்டுமென்றே பவுல் செய்தது. முரட்டுத்தனத்தைத் தவிர்க்க இராத்திரி விழித்து விதி எழுதியவர் அன்று உயிரோடிருந்து இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கான்சாஸில் நெய்ஸ்மித் எதை எண்ணினார் என்று பார்ப்போம். 1916இல் மெக்சிகோ எல்லையில் படைவீரர்களுக்கு ஆன்மிகக் குருவாகப் போனார். முதல் உலகப் போரில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், பிரான்சுக்குப் போய்ப் பத்தொன்பது மாதம் படைவீரர்களிடையே தொண்டு செய்தார். 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் உடற்கல்வி படிக்க வந்தார். அக்காலத்தில் கறுப்பர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடையாது. அணியில் இடம் வாங்கித்தர நெய்ஸ்மித்தால் முடியவில்லை. ஆனால் அந்த மாணவருக்குத் தாமே வழிகாட்டியாக நின்று, இந்த ஆட்டத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஸ்கோர் தாளில் ஒரு நாளும் பெயர் ஏறாத அந்த மாணவர் பிறகு பயிற்சியாளராகி, 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தம் கல்லூரி அணியைத் தேசியப் பட்டம் பெறச் செய்தார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. முதியவரிடம் கப்பல் செலவுக்குப் பணம் இல்லை. ஆட்டத்திற்கு அவர் காப்புரிமை வாங்கியதே இல்லை. அமெரிக்காவெங்கும் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து அவரை அனுப்பிவைத்தார்கள். ஆகஸ்டு 14இல் இறுதிப் போட்டி. மண்ணும் மணலுமான வெளித்திடல், பெருமழை. தட்டிய பந்து சேற்றில் எழும்பவில்லை. இடைவேளையில் 15–4, பிற்பாதியில் ஆளுக்கு நான்கே புள்ளி. அமெரிக்கா 19, கனடா 8. ஒன்று அவர் குடியுரிமை பெற்ற நாடு; மற்றொன்று பிறந்த நாடு. இரு அணிக்கும் பதக்கங்களை அவரே வழங்கினார். பெண்கள் கூடைப்பந்து அங்கே இல்லை.

அடுத்த ஆண்டு மனைவி மாட் இறந்தார். அதே ஆண்டு நெய்ஸ்மித் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1939 நவம்பர் 28ஆம் நாள், கான்சாஸில் லாரன்ஸ் நகரில், எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லும் அவருடைய நூல் 1941இல், இறப்புக்குப் பின்னரே வெளிவந்தது. அவர் சுவரில் குத்தி வைத்த அந்த இரண்டு தட்டச்சுத் தாள்கள் 2010இல் ஏலத்துக்கு வந்தபோது 43 லட்சம் டாலருக்குமேல் விலை போயின. இப்போது அவை கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இனி நம் பக்கம். முதல் நாள் ஆடிய பதினெட்டுப் பேருள் ஒருவரான டங்கன் பாட்டன் 1894இலேயே இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் இது ஊரூராகப் பரவ வழி செய்தது, ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி. பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே. 1943இல் அவர் சென்னையிலேயே மறைந்தார். அங்கே படித்து வந்த டிரில் மாஸ்டர்கள்தாம் மாவட்டப் பள்ளிகளில் கம்பம் நட்டு, வளையம் மாட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்தவர்கள். சென்னையில் பிறந்த அனிதா பால்துரை பத்தொன்பதாம் வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைய 1976 வரை, பெர்லினுக்குப் பின் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நுழைந்த இடம் மான்ட்ரியல். கறுத்து வீங்கிய கண்ணோடு அந்த இறையியல் மாணவர் பிரசங்க மேடையில் ஏறிய நகரம். வளையத்தின் உயரம் அங்கும் பத்து அடிதான். நம் திடலிலும் அதே பத்து அடிதான். சந்தேகமிருந்தால் நாடா கொண்டுவந்து அளந்து பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு மாடத்துக் கைப்பிடிச் சட்டம் அந்த உயரத்தில் இருந்தது என்பதைத் தவிர, அதற்கு வேறு காரணம் கிடையாது.